கணினியில் நல்ல ஒலி: வீட்டில் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

பாட்டெல்லாம் கணினியில்தான் இருக்கிறது, அதை நல்ல ஒலியில் கேட்க என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பவர்களுக்கான பக்கம் இது. பதில்களில் என் சாய்வும் தெரியும். காசைக் காதுக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளில் போட வேண்டும், ஃபைலின் எண்களைத் துரத்துவது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

தொடங்க என்னென்ன வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. பாட்டு ஒரு ஃபைலாகவோ ஸ்ட்ரீமிங் வழியாகவோ வருகிறது. பிளேயர் அதை விரித்து எண்களாக இயங்குதளத்திடம் கொடுக்கிறது. அந்த எண்களை மின் அலையாக மாற்றுவது டிஏசி என்கிற சில்லு. அலையைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். கடைசியில் ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ காற்றை அசைக்கிறது. கணினிக்குள் ஒரு டிஏசியும் ஒரு சின்ன ஆம்பும் ஏற்கெனவே இருக்கின்றன; ஹெட்ஃபோன் ஜாக்குக்குப் பின்னால் இருப்பவை அவைதான். ஆகவே ஒரு நல்ல ஹெட்ஃபோனோ, ஆம்ப் உள்ளடங்கிய ஒரு ஜோடி ஸ்பீக்கரோ கையில் இருந்தால் இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம்.

முதலில் எதை வாங்குவது?

ஸ்பீக்கர் அல்லது ஹெட்ஃபோன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாதாரண விலையில் கிடைக்கும் டிஏசியிலேயே இன்று ஒலித்திரிபு 0.01 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். கேட்கக்கூடிய எல்லைக்குள் எந்த அலைவரிசையையும் அது கூட்டவோ குறைக்கவோ செய்யாது. ஸ்பீக்கர் அப்படியல்ல. சத்தமாக வைத்தால் தாழ்ந்த பேஸ் ஒலிகளில் திரிபு பல சதவீதம் வரை போகும். அறைக்குள் அளந்து பார்த்தால் ஒரு பேஸ் சுரத்துக்கும் அடுத்ததற்கும் 10 டெசிபல் வித்தியாசம் இருப்பது சர்வசாதாரணம். பெரிய ஓட்டை இருக்கும் இடத்தை விட்டுவிட்டு ஊசி முனைத் துளையை அடைக்க ஏன் செலவழிக்க வேண்டும்?

ஹெட்ஃபோனா, ஸ்பீக்கரா?

வீட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில்தான் கேட்க முடியும் என்றால் ஹெட்ஃபோன். ஒரே செலவில் அதிக நுணுக்கம் தருவதும் அதுதான், ஏனென்றால் அறை குறுக்கே வருவதில்லை. வெளியே சத்தம் கசிந்தாலும் பரவாயில்லை என்றால் பின்பக்கம் திறந்த வகையை எடுக்கலாம். ஒலி தலைக்குள் அடைபடாமல் சற்று விரிந்து கேட்கும்.

ஸ்பீக்கரில் கிடைப்பது வேறு. பாடகர் எதிரே நிற்பது போன்ற உணர்வும், மார்பில் தட்டும் பேஸும் ஹெட்ஃபோனில் வராது.

பவர்டு ஸ்பீக்கரா, தனி ஆம்ப் வைத்த ஸ்பீக்கரா?

மேஜையில் கணினிக்கு இரு பக்கமும் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு வகையே போதும். ஸ்டூடியோ மானிட்டர் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த வகைதான். பேஸுக்கு ஒரு ஆம்ப், உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப் என்று உள்ளேயே பிரித்து, அந்தந்த ஒலி எழுப்பும் பகுதிக்குப் பொருத்தமாகச் சரிசெய்து வைத்திருப்பார்கள். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் ஜோடிப் பொருத்தம் பார்க்கும் வேலை இல்லை. ஒரு குறை: சில மலிவான மானிட்டர்களில் பாட்டு ஓடாதபோது ட்வீட்டரில் இருந்து மெல்லிய 'ஸ்ஸ்' கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்கள் வாங்கும் முன் இதைக் கவனித்துவிடுவது நல்லது.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

இந்த ஒரு கேள்விக்கு நேரம் கொடுப்பவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் பலன், வேறு எந்த வழியிலும் கிடைக்காது.

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். மேஜையில் என்றால் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் அளவு. ட்வீட்டர் காது உயரத்தில், காதை நோக்கித் திரும்பி இருக்க வேண்டும். உயர்ந்த ஒலிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும்; மேஜையில் தாழ வைத்தால் அவை உங்கள் கழுத்தையும் நெஞ்சையும்தான் போய்ச் சேரும். அடியில் ஒரு சாய்வுத் தாங்கியோ இரண்டு தடித்த புத்தகமோ வைத்தாலே பாடகரின் குரல் தெளிவாவது தெரியும். மேஜைப் பரப்பில் பட்டு எகிறும் ஒலியும் இதனால் குறையும்.

அப்புறம் சுவர். ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் கூடும், மூலையில் வைத்தால் இன்னும் கூடும். முதலில் கேட்க ஜோராக இருக்கும், பத்து நிமிடத்தில் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி 'தும்தும்' என்று ஆகிவிடும். பல மானிட்டர்களின் பின்புறத்தில் பேஸைக் குறைக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது இந்தச் சிக்கலுக்காகவே வைக்கப்பட்டது. இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் திறந்த வாசல் என்றிருந்தால் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் இழுக்கும். முடிந்தவரை இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

அறையின் நீளமும் விளையாடும். எதிரெதிர் சுவர்களுக்கு இடையே ஒலி அலை தங்கி நிற்கும் முதல் அலைவரிசையைக் கண்டுபிடிக்க, ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும். 4 மீட்டர் அறைக்கு அது சுமார் 43 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் சுவரோரத்தில் வீங்கியும், அறையின் சரி நடுவில் காணாமல் போயும் இருக்கும். ஆகவே நாற்காலியைப் பின்சுவரோடு ஒட்டியும் போட வேண்டாம், அறையின் சரி நடுவிலும் போட வேண்டாம். பேஸ் கிதார் நன்றாகக் கேட்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு நாற்காலியை அரை அடி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஒரு இடத்தில் எல்லாச் சுரமும் ஏறத்தாழ ஒரே கனத்தில் வரும். அங்கேயே உட்காருங்கள்.

தனி டிஏசி கட்டாயமா?

கட்டாயமில்லை. ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஹெட்ஃபோனை ஜாக்கில் செருகி, எதையும் ஓடவிடாமல் வால்யூமை ஏற்றுங்கள். இப்போது மவுஸை ஆட்டுங்கள், ஒரு பெரிய பக்கத்தை ஸ்க்ரோல் செய்யுங்கள். 'கிர்ர்', 'சிக்சிக்' என்று ஏதாவது கேட்டால், கணினிக்குள் ஓடும் மின் இரைச்சல் ஒலிப்பாதையில் கலக்கிறது என்று அர்த்தம். அப்போது யுஎஸ்பியில் செருகும் வெளி டிஏசி உடனே பலன் தரும். ஒன்றுமே கேட்கவில்லை, வால்யூமும் போதுகிறது என்றால் இருப்பதை வைத்தே ஓட்டுங்கள்.

வாங்குவதென்றால் பெரிய பெட்டி தேவையில்லை. விரல் நீளத்தில் வரும் டாங்கிள் டிஏசிகளே பெரும்பாலானவர்களுக்குப் போதும். இன்றைய டிஏசிகளில் பெரும்பாலானவை 'அசின்க்ரனஸ்' முறையில் வேலை செய்கின்றன. கணினியின் கடிகாரத்தை நம்பாமல், தன் கடிகாரத்தின்படி தரவைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இந்தக் கடிகாரத் தள்ளாட்டத்தைக் குறிக்கும் ஜிட்டர் என்ற பூச்சாண்டியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். டிரைவர் மென்பொருள் பற்றியும் ஒரு வார்த்தை: மாதிரி வேகம், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறார்கள் என்ற கணக்கு, 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஓட உதவும் யுஎஸ்பி ஆடியோ 2 வகைக் கருவிகளுக்கு 2017இல் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலில் இருந்து தனி டிரைவர் இல்லாமலே ஆதரவு உண்டு. மேக்கிலும் லினக்ஸிலும் அதற்கு முன்பே இருந்தது.

ஹெட்ஃபோனுக்குத் தனி ஆம்ப் வேண்டுமா?

அது ஹெட்ஃபோனைப் பொறுத்தது. மின்தடை 32 ஓம் அளவில், நல்ல உணர்திறன் உள்ள ஹெட்ஃபோனை எதுவும் ஓட்டும். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் வகைக்கு அதிக வோல்டேஜ் தேவை. லேப்டாப்பில் முழு வால்யூம் வைத்தும் சத்தம் பற்றவில்லை என்றால் காரணம் இதுதான். தட்டையான மெல்லிய படலத்தால் ஒலி எழுப்பும் பிளேனார் வகை சில ஓம் கணக்கில் குறைவாக இருந்தும் கரண்டை நிறையக் கேட்கும்.

ஆம்பின் வெளியீட்டு மின்தடை, ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. சில கணினி ஜாக்குகளில் அது பல பத்து ஓம் இருக்கும், அதனால் சில ஹெட்ஃபோன்களில் பேஸ் ஊதிக் கேட்கும். வால்யூம் பாதியிலேயே போதுமான சத்தம் வருகிறது, பேஸும் ஒழுங்காக இருக்கிறது என்றால் ஆம்ப் வாங்கி ஒரு பயனும் இல்லை.

கணினியில் எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் டிஏசியின் பெயரைத் தட்டுங்கள். 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். அதே பக்கத்தில் 'ஃபார்மட்' என்ற இடத்தில் 24 பிட், 44100 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். சிடியில் இருந்து வந்த பாட்டுகளும் ஸ்ட்ரீமிங் பாட்டுகளும் பெரும்பாலும் 44.1 கிலோஹெர்ட்ஸில்தான் இருக்கும். சினிமா அதிகம் பார்ப்பவர் என்றால் 48000 வைக்கலாம், வீடியோவின் கணக்கு அது. மாதிரி வேகம் பொருந்தாவிட்டால் விண்டோஸே மாற்றிக் கொடுத்துவிடும். காதுக்குத் தெரிவது அபூர்வம். லேப்டாப் தயாரிப்பாளர் தன் பங்குக்கு ஏதாவது 'சரவுண்ட்', 'பேஸ் பூஸ்ட்' மென்பொருளைப் போட்டிருப்பார். அதையும் தேடிப் பிடித்து நிறுத்துங்கள். ஒலி கெட்டுப்போவதற்கு ஃபார்மட்டைவிட இதுதான் அதிகக் காரணம்.

மேக்கில் 'ஆடியோ மிடி செட்டப்' ஆப்பில் இதே அமைப்பு இருக்கிறது. லினக்ஸில் இப்போது பரவலாக இருக்கும் பைப்வயர் இயல்பாக 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும். அனுமதிக்கும் வேகங்களின் பட்டியலை அதன் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரியில் கொடுத்தால் பாட்டுக்கேற்ப மாற்றிக்கொள்ளும்.

வாசாபி, ஏசியோ என்கிறார்களே?

இயங்குதளத்தின் கலவைப் பகுதியைத் தாண்டி, பிளேயர் நேராக டிஏசியிடம் பேசும் வழிகள். வாசாபியின் 'எக்ஸ்க்ளூசிவ்' முறையில் ஃபைலில் உள்ள எண்கள் ஒரு பிட் மாறாமல் போய்ச் சேரும், வேகமும் தானாக மாறும். பாட்டின் நடுவே மெயில் வந்த 'டிங்' சத்தமும் வராது. எனக்கு அதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது. ஏசியோ என்பது ஸ்டெயின்பெர்க் நிறுவனம் பதிவு செய்பவர்களுக்காக உருவாக்கியது. இசைக்கருவியைக் கணினியில் வாசித்துப் பதிய வேண்டும் என்றால் அதன் குறைந்த தாமதம் உதவும். பாட்டு மட்டும் கேட்பவர்களுக்கு அவசியமில்லை.

எம்பி3 போதுமா, ஃப்ளாக் வேண்டுமா?

சிடியில் உள்ள ஒலி நொடிக்கு 1411 கிலோபிட். ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி இடம் பிடிக்கும். ஃப்ளாக் அதை ஜிப் ஃபைல் போலச் சுருக்கி, திறக்கும்போது ஒரு பிட் குறையாமல் திருப்பித் தரும். அளவு பெரும்பாலும் பாதிக்குச் சற்று மேலே வரும். 2001இல் வெளிவந்த இது இலவசம், திறந்த வடிவம். ஆப்பிளின் அலாக்கும் இதே வேலையைச் செய்கிறது. எம்பி3, ஏஏசி, ஓபஸ் மூன்றும் காது கவனிக்காது என்று கணக்கிட்டவற்றைத் தூக்கிப் போட்டுவிடும், போனது திரும்பாது.

சரி, காதுக்குத் தெரியுமா? நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3யில் கவனித்துக் கேட்டால் பலருக்குத் தெரியும்: சிம்பல் ஓசை நீரில் நனைந்தது போல, கைதட்டல் சலசலப்பாகக் கேட்கும். 320இல் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அப்படியிருக்க, சேர்த்து வைப்பதை ஃப்ளாக்கில் வையுங்கள் என்று சொல்வது ஏன் என்றால், நாளை வேறு வடிவம் வேண்டுமானால் அதிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். எம்பி3யை இன்னொரு சுருக்க வடிவத்துக்கு மாற்றினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உதிரும். எம்பி3யை ஃப்ளாக்காக மாற்றினால் இடம்தான் வீண். அப்படிப்பட்ட போலி ஃப்ளாக்குகளும் உலவுகின்றன. ஸ்பெக் என்ற சிறு மென்பொருளில் திறந்து பார்த்தால், பெரும்பாலும் 16 முதல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள் கத்தியால் வெட்டியது போல மேற்பகுதி கறுப்பாக இருக்கும்.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டு வாங்கலாமா?

மனிதக் காது கேட்பது 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். ஒரு அலைவரிசையைப் பிசகாமல் பதிய அதன் இரு மடங்கு வேகத்தைவிடச் சற்று அதிகமாக மாதிரி எடுத்தால் போதும். 1982இல் விற்பனைக்கு வந்த சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் அந்தக் கணக்கில் பிறந்தது. 16 பிட்டில் மிக மெல்லியதற்கும் மிகச் சத்தமானதற்கும் இடையே சுமார் 96 டெசிபல் கிடைக்கும். வீட்டில் மின்விசிறி ஓடும் அறையில் அதில் பாதியைப் பயன்படுத்துவதே பெரிய விஷயம்.

2007இல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு சோதனை வெளியானது. உயர்தர வட்டின் ஒலியை நேராகவும், சிடி தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. நாணயத்தைச் சுண்டினாலும் அதுதான் வந்திருக்கும். 2016இல் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது மொத்தத்தில் 52.3 சதவீதம் சரியாக வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் கூடுதல். வித்தியாசம் இருந்தாலும் அது எவ்வளவு மெல்லியது என்பதற்கு இந்த எண்ணே சாட்சி.

பதிவு செய்பவர்களுக்கு 24 பிட் உண்மையில் தேவை. அளவு தவறினாலும் திருத்த இடம் கிடைக்கும். கேட்பவர்களுக்கு எண் முக்கியமல்ல, எந்த மாஸ்டர், அதாவது வெளியிடுவதற்காக இறுதியாகச் சரிசெய்த பதிவு எது என்பதுதான் முக்கியம். ஒரே ஆல்பத்தின் பழைய சிடி, சத்தத்தை அமுக்கி ஏற்றிய புதிய 'ஹை ரெஸ்' பதிப்பைவிட நன்றாக ஒலிப்பது உண்டு.

கையில் இருக்கும் சிடிகளைக் கணினிக்கு எப்படி மாற்றுவது?

விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி. இரண்டும் கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். முடிந்ததும் அக்யூரேட்ரிப் என்ற பொதுத் தரவுத்தளத்தில், அதே சிடியை மாற்றிய மற்றவர்களின் கணக்கோடு உங்கள் கணக்கை ஒப்பிட்டுச் சொல்லும். பொருந்தினால் அந்த வட்டை மறுபடி தொட வேண்டியதில்லை. பாடகர், ஆல்பம், வருடம் போன்ற விவரங்களை அப்போதே ஒரே எழுத்து முறையில் நிரப்பிவிடுங்கள். ஒரே பாடகர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாக நிற்பதை ஆயிரம் பாட்டு சேர்ந்த பிறகு திருத்துவது பெரும் பாடு.

எந்தப் பிளேயர்?

விண்டோஸில் ஃபூபார்2000 அல்லது மியூசிக்பீ, லினக்ஸில் ஸ்ட்ராபெரி. இரண்டு பிளேயர் ஒரே எண்களை டிஏசிக்கு அனுப்பினால் ஒலியில் வித்தியாசம் இருக்க வழியில்லை. பழகுவதற்கு எளிதானதை எடுங்கள்.

ப்ளூடூத்தில் தரம் குறையுமா?

குறையும், ஆனால் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. எல்லாக் கருவியிலும் இருக்கும் எஸ்பிசி என்ற சுருக்க முறை நொடிக்கு சுமார் 328 கிலோபிட் வரை போகும், எல்டாக் 990 வரை. உண்மையான சிக்கல் மைக்கில் இருக்கிறது. வீடியோ கால் தொடங்கியதும் ஹெட்செட்டின் மைக் விழித்துக்கொள்ளும், பழைய ப்ளூடூத் முறையில் இரு வேலையையும் ஒன்றாகச் செய்ய இடம் போதாமல் ஒலி மோனோவாகி, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்துக்கு இறங்கிவிடும். பாட்டு திடீரென்று பழைய டெலிபோனில் கேட்பது போல ஆனால் வேறு எங்கும் தேட வேண்டாம். சவுண்ட் அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் வருகிறதே?

50 அல்லது 60 ஹெர்ட்ஸில் வரும் இந்த முனகல் பெரும்பாலும் கிரவுண்ட் லூப். கணினியும் ஸ்பீக்கரும் சுவரின் எர்த் வழியாக ஒரு முறை, ஆடியோ கேபிள் வழியாக ஒரு முறை என்று இரண்டு இடத்தில் இணைந்திருப்பதால் அந்த வட்டத்தில் மின்சாரம் ஓடுகிறது.

பாட்டை நிறுத்திவிட்டு லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றுங்கள். முனகல் நின்றால் விஷயம் உறுதி. ஆடியோ கேபிளைக் கழற்றியும் முனகல் நிற்கவில்லை என்றால் கோளாறு ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கிறது. லூப்தான் என்று தெரிந்தால் முதலில் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். பாதிப்பேருக்கு இதோடு முடிந்துவிடும். அடுத்து, டிஏசியிலும் ஸ்பீக்கரிலும் இரு கம்பியில் அனுப்பி இரைச்சலைக் கழிக்கும் பேலன்ஸ்டு இணைப்பு இருந்தால் அதற்கு மாறுங்கள். டாஸ்லிங்க் என்ற ஒளிக்கேபிள் இணைப்பு இருந்தால் இன்னும் சுலபம். அது ஒளியாகப் போவதால் மின் தொடர்பே அறுந்துவிடும். இவை எதுவும் இல்லாவிட்டால் ஆடியோ ஐசோலேட்டர் என்ற சின்னப் பெட்டியை நடுவில் போடலாம். பிளக்கின் எர்த் கம்பியை வெட்டச் சொல்லி யாராவது யோசனை கொடுத்தால் கேட்காதீர்கள். முனகல் போகும், பாதுகாப்பும் சேர்ந்து போகும்.

விலை உயர்ந்த கேபிள்?

வேண்டாம். யுஎஸ்பி கேபிள் வேலை செய்தால் செய்கிறது. கெட்டால் 'டப் டப்' என்று அறுபடும். அது பேஸை இனிமையாக்குவதில்லை.

இரண்டு கருவியில் எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தத்தைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். ஒரு டெசிபல்கூட இல்லாத வித்தியாசத்தைக் காது 'சத்தம் அதிகம்' என்று உணராது. 'தெளிவாக இருக்கிறது', 'உயிரோட்டமாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். கடையில் மாற்றி மாற்றிக் காட்டும்போது ஏமாறுவது இந்த இடத்தில்தான். பாட்டுகளுக்கு இடையே சத்தம் ஏறி இறங்குவதைச் சமன் செய்யப் பிளேயரில் ரீப்ளேகெயினை இயக்கி வைக்கலாம். ஃபைல் வடிவங்களை ஒப்பிட ஃபூபார்2000இல் ஏபிஎக்ஸ் என்ற கூடுதல் பகுதி இருக்கிறது. எது எது என்று காட்டாமல் ஓடவிட்டு உங்கள் ஊகத்தைக் கணக்கு வைக்கும். செய்து பார்த்தால் கொஞ்சம் அடக்கம் வரும்.

ஈக்வலைசர் போட்டால் தூய்மை கெடுமா?

கெடாது. அறை ஏற்கெனவே பேஸைக் கோணலாக்கிவிட்டது, அதை நிமிர்த்துவதில் என்ன தீட்டு? விண்டோஸுக்கு ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். ஆனால் அது வாசாபி எக்ஸ்க்ளூசிவ் பாதையில் வேலை செய்யாது என்பதால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நான் ஈக்வலைசர் பக்கம். அளக்கும் மைக் ஒன்றும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் வீங்கிய பேஸ் சுரம் எது என்று திரையில் மலையாகவே தெரியும். அந்த மலையைக் குறையுங்கள். பள்ளத்தை நிரப்ப முயல வேண்டாம். அங்கே அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன, எவ்வளவு ஏற்றினாலும் ஆம்ப்தான் திணறும். எங்காவது ஏற்றினால், அதே அளவு மொத்த ஒலியை 'ப்ரீஆம்ப்' இடத்தில் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தமான இடங்களில் ஒலி உடையும்.

வால்யூம் எவ்வளவு வைக்கலாம்?

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும்; 83இல் 20 மணி, 86இல் 10 மணி. ஸ்பீக்கர் என்றால் போனில் ஒரு ஒலியளவு ஆப்பைப் போட்டு, உட்காரும் இடத்தில் வைத்துத் தோராயமாகப் பார்க்கலாம். கேட்டு முடித்ததும் காதில் 'ஙொய்' என்று இரைந்தால், ஆப் என்ன எண் காட்டினாலும் மறுநாள் குறைத்து வையுங்கள்.